முதல் இணையப் படிப்பை முடிப்பது எப்படி: என்பிடெல், ஸ்வயம் வழியே தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இணையத்தில் இலவசப் படிப்பு ஒன்றில் சேர்வதற்கு மின்னஞ்சல் முகவரியும் ஐந்து நிமிடமும் போதும். சேர்ந்ததை முடிப்பதற்குத்தான் திட்டம் வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) 2012-ஆம் ஆண்டில் மின்சுற்றுகளும் மின்னணுவியலும் பற்றிய ஒரு பாடத்தை உலகம் முழுவதற்கும் இலவசமாகத் திறந்துவிட்டபோது 1,54,763 பேர் பதிவு செய்தார்கள்; தேர்ச்சி பெற்றவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐவர்கூட முடிக்கவில்லை என்று இதைப் படிக்கலாம். ஆண்டுக்கு நூறு மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஒரு பேராசிரியர் எழுபது ஆண்டுகளில் தேற்றிவிடக்கூடிய எண்ணிக்கையை ஒரே பருவத்தில் தேற்றிவிட்டார்கள் என்றும் படிக்கலாம். இரண்டுமே உண்மை. புதிதாகச் சேரும் ஒருவர் அந்த ஏழாயிரத்தில் ஒருவராக இருப்பதற்கு என்னென்ன செய்யவேண்டும் என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்ல விரும்புகிறேன்.

எடுத்துக்காட்டாக நான் எடுத்துக்கொள்வது என்பிடெல் (தொழில்நுட்பவழிக் கற்றலுக்கான தேசியத் திட்டம்) என்பதை. ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, மத்திய அரசின் நிதியில் 2003-ஆம் ஆண்டு தொடங்கிய இத்திட்டம், முதலில் விரிவுரைக் காணொளிகளையும் எழுத்து வடிவப் பாடங்களையும் மட்டும் வெளியிட்டு வந்தது. 2014 முதல் வாராந்தரப் பயிற்சியும் தேர்வும் சான்றிதழும் கொண்ட முழுப் பாடங்களை நடத்துகிறது. அந்தப் பணியைச் சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கிறது. 2017 ஜூலை 9 அன்று மத்திய அரசு ஸ்வயம் என்ற பொதுத் தளத்தைத் தொடங்கிய பின்னர் இப்பாடங்களுக்கான பதிவு அதன் வழியாக நடக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர் பலர் முதன்முதலில் சந்திக்கும் இணையப் படிப்பு இதுவாகவே இருப்பதாலும், இதன் விதிகள் தெளிவாக எழுதப்பட்டிருப்பதாலும், தொடங்குவதற்கு இது நல்ல இடம். கல்லூரி மாணவராக இருந்தாக வேண்டும் என்பதில்லை. வயது வரம்போ கல்வித் தகுதியோ கேட்காமல் யாரையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

தளத்தைத் திறப்பதற்கு முன்னரே, உங்களுக்கு வேண்டியது அறிவா, சான்றிதழா, கல்லூரிக் கிரெடிட்டா (பட்டப்படிப்பின் கணக்கில் சேரும் பாட மதிப்பலகு) என்பதைத் தீர்மானித்துக்கொள்ளவேண்டும். ஏனெனில் மூன்றுக்கும் பாதை வேறு. ஒரு பொருளைத் தெரிந்துகொண்டால் போதும் என்பவர் பதிவுகூடச் செய்யவேண்டியதில்லை. முந்தைய பருவங்களின் விரிவுரைகள் யூடியூபிலும் என்பிடெல் தளத்திலும் எப்போதும் கிடைக்கின்றன, வேண்டிய மூன்று விரிவுரைகளை மட்டும் பார்த்துவிட்டு விலகிவிடலாம், அதில் குறையொன்றும் இல்லை. சான்றிதழ் வேண்டும் என்பவர் பருவத்தில் பதிவு செய்து, வாரப் பயிற்சிகளை அனுப்பி, தேர்வுக்கூடத்துக்கு நேரில் சென்று எழுதவேண்டும். கிரெடிட் வேண்டும் என்பவர் இவை அனைத்தையும் செய்வதோடு, பாடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னரே தம் துறைத் தலைவரிடம் ஒப்புதல் பெறவேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படிக்க 2021-ஆம் ஆண்டின் விதிமுறையில் இடமளித்திருக்கிறது என்றாலும், எந்தப் பாடத்துக்கு ஈடாக எதை ஏற்பது என்பதை முடிவு செய்வது அந்தந்தக் கல்லூரியும் பல்கலைக்கழகமும்தான். சான்றிதழை வாங்கிய பிறகு கிரெடிட் கேட்டு அலைவதைவிட முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டுவிடுவது மேல்.

பாடத்தைத் தேர்ந்தெடுத்தல்

பாடங்கள் நான்கு, எட்டு, பன்னிரண்டு வாரங்கள் என்ற மூன்று நீளங்களில் நடத்தப்படுகின்றன. இவை முறையே சுமார் பத்து, இருபது, முப்பது மணி நேர விரிவுரைகளைக் கொண்டவை. முதல் முறை சேர்பவர் நான்கு வாரப் பாடத்தையோ எட்டு வாரப் பாடத்தையோ எடுத்துக்கொள்வதே நல்லது, அதுவும் ஒன்றே ஒன்றை. கட்டணம் இல்லை என்பதால் ஐந்து பாடங்களில் ஒரே நாளில் பதிவு செய்வதுதான் புதியவர்களை முதலில் வீழ்த்தும் தவறு. விரிவுரையைக் கேட்கும் நேரத்தைப் போல ஒரு மடங்கோ இரு மடங்கோ குறிப்பெடுக்கவும் கணக்குப் போடவும் செலவாகும். ஆகவே வாரத்துக்கு இரண்டரை மணி நேர விரிவுரை உள்ள பாடம் உங்களிடம் ஆறேழு மணி நேரம் கேட்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிறவருக்கும் வீட்டுப் பொறுப்பு உள்ளவருக்கும் அந்த ஆறேழு மணி நேரம் எங்கிருந்து வரும் என்பதை நாட்காட்டியில் குறித்துக் காட்ட முடியவில்லையென்றால், அந்தப் பருவத்தில் சேராமல் காணொளிகளை மட்டும் பார்ப்பதே நேர்மையான முடிவு.

பாடத்தின் அறிமுகப் பக்கத்தில் மூன்று செய்திகளைக் கட்டாயம் படியுங்கள்: முன்னறிவாக என்ன எதிர்பார்க்கிறார்கள், வாரவாரியாக என்ன நடத்துகிறார்கள், தேர்வு எந்த நாளில் வருகிறது. முன்னறிவு பற்றி ஐயம் இருந்தால் அதே பாடத்தின் பழைய பருவக் காணொளிகளில் மூன்றாம் வார விரிவுரை ஒன்றைப் பார்த்துவிடுங்கள். முதல் வார விரிவுரை எல்லாருக்கும் புரியும்படி அமைக்கப்பட்டிருப்பதால் அது உங்களுக்கு எதையும் காட்டிக்கொடுக்காது.

பதிவும் தேர்வுப் பதிவும்

பருவங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. ஸ்வயம் தளத்தில் கணக்குத் தொடங்கும்போது, உங்கள் பெயர் அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக் கூட்டி எழுதுங்கள். தலைப்பெழுத்து முன்னால் வருவதா பின்னால் வருவதா என்ற குழப்பம் நம் பெயர்களில் எப்போதும் உண்டு. சான்றிதழ் அச்சான பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரி படிப்பு முடிந்ததும் மூடப்படலாம் என்பதால், சொந்த முகவரியையே பயன்படுத்துங்கள்.

பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. இதை நான் மீண்டும் மீண்டும் சொல்லக் காரணம், எல்லாப் பயிற்சிகளையும் ஒழுங்காக அனுப்பிவிட்டுத் தேர்வுப் படிவத்தை நிரப்பாமல் விட்டுவிட்ட மாணவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் இருக்கிறார்கள் என்பதுதான். பாடம் தொடங்கிச் சில வாரங்களில் தேர்வுப் பதிவு தனிப் படிவத்தில் திறக்கும். அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். அந்தப் படிவத்தில் ஊரைத் தேர்ந்தெடுத்துக் கட்டணம் செலுத்தவேண்டும். பாடத்துக்கு 1,000 ரூபாய் என்ற அளவில் பல ஆண்டுகளாக இருந்துவரும் இக்கட்டணத்தில் பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குச் சலுகை உண்டு. உங்கள் பருவத்துக்கான தொகையைப் படிவத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பாடங்களின் தேர்வுகள் ஒரே நாளில் ஒரே வேளையில் வந்தால் ஒன்றைத்தான் எழுத முடியும்.

இலவசப் படிப்பு என்று சொல்லிவிட்டுக் கட்டணம் கேட்கிறார்களே என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். கற்பது முழுக்க இலவசம். நேரில் மேற்பார்வையுடன் நடக்கும் தேர்வுக்குக் கூடமும் ஆளும் வேண்டியிருப்பதால் அதற்கு மட்டும் பணம் கேட்கிறார்கள். இது நியாயமான பிரிவினை என்பது என் கருத்து. இன்னொன்றும் உண்டு. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய திறந்த பாடங்களை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஆய்வொன்றில், 2017-18 கல்வியாண்டில் பதிவு செய்த அனைவரையும் கணக்கிட்டபோது முடித்தவர்கள் நூற்றுக்கு மூவர் அளவில்தான் இருந்தார்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டபோது கிட்டத்தட்டப் பாதிப்பேர் முடித்திருந்தார்கள். ஏற்கெனவே உறுதியோடு இருந்தவர்கள்தாம் பணம் கட்டினார்கள் என்று சொல்லலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், மூன்றாம் வாரம் வரை தாக்குப்பிடித்துவிட்டீர்கள் என்றால் தேர்வுக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள் என்பதே என் பரிந்துரை. தேதி குறித்த தேர்வு ஒன்று முன்னால் இருப்பது படிப்பை நகர்த்தும்.

மதிப்பெண் கணக்கு

வாரப் பயிற்சிகளுக்கு 25, இறுதித் தேர்வுக்கு 75 என்பது பொதுவான பகிர்வு. நிரலாக்கப் பாடங்கள் சிலவற்றில் இது மாறும் என்பதால் பாடப் பக்கத்தில் உறுதி செய்துகொள்ளவேண்டும். சான்றிதழ் பெறப் பயிற்சியில் 25-க்குக் குறைந்தது 10, தேர்வில் 75-க்குக் குறைந்தது 30 என்று இரண்டிலும் தனித்தனியே தேறவேண்டும். பயிற்சியில் 22 மதிப்பெண்ணும் தேர்வில் 28 மதிப்பெண்ணும் எடுத்த ஒருவர், கூட்டுத்தொகை 50 இருந்தும், சான்றிதழ் பெறமாட்டார். மொத்தம் 60-ஐத் தொட்டால் எலைட் என்றும், 75-ஐத் தொட்டால் வெள்ளி என்றும், 90-ஐத் தொட்டால் தங்கம் என்றும் சான்றிதழில் குறிப்பிடுவார்கள்.

புதியவர்கள் அறியாத, அறிந்தால் பெரிதும் உதவும் ஒரு விதி இதில் இருக்கிறது. பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டுப் பயிற்சிகளை மட்டுமே சராசரிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். எட்டு வாரப் பாடத்தில் ஆறு, நான்கு வாரப் பாடத்தில் மூன்று. காய்ச்சலில் படுத்தாலும், வீட்டில் திருமணம் வந்தாலும், கல்லூரித் தேர்வு குறுக்கிட்டாலும், பன்னிரண்டு வாரப் பாடத்தில் நான்கு வாரப் பயிற்சிகளை இழந்துவிட்டு முழு மதிப்பெண்ணோடு வெளிவர முடியும். இரண்டு வாரம் தவறிவிட்டது, இனி என்ன பயன் என்று கைவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் எதையும் இழந்திருக்கவே இல்லை. ஆகவே தவறிய வாரங்களை ஒரே இரவில் பிடித்துவிட முயலாதீர்கள். நடப்பு வாரத்தின் பயிற்சியை முதலில் அனுப்பிவிட்டு, விட்டுப்போன விரிவுரைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பயிற்சிகளின் கெடு பெரும்பாலும் புதன்கிழமை நள்ளிரவில் முடியும். கெடு முடியும்வரை விடைகளை மாற்றி மீண்டும் அனுப்ப முடியும் என்பதால், திங்கட்கிழமையே ஒருமுறை அனுப்பி வைத்துவிட்டு, ஐயமுள்ள வினாக்களைப் பிறகு திருத்துவது நல்ல பழக்கம்.

வாரப் பயிற்சிகளின் விடைகளைக் கெடுவுக்கு முன்பே காணொளியாகவும் டெலிகிராம் குழுக்களிலும் சிலர் வெளியிடுகிறார்கள். அவற்றைப் பார்த்து எழுதினால் 25-க்கு 25 கிடைக்கக்கூடும். ஆனால் அந்த மாணவர் தேர்வுக்கூடத்தில் அமரும்போது அந்தப் பாடத்தோடு அவருக்கு அறிமுகமே இருக்காது. இதில் பழி மாணவர் மீது மட்டும் விழுவது சரியல்ல. எந்தப் பாடம் என்றுகூடக் கேட்காமல், வகுப்பு முழுவதையும் ஒரே பாடத்தில் சேர்த்து, எண்ணிக்கையை உயர்த்திக் காட்ட விரும்பும் கல்லூரிகள் இருக்கின்றன. விருப்பமில்லாத பாடத்தில் தள்ளப்பட்ட மாணவர் குறுக்குவழி தேடுவது வியப்பல்ல. உங்கள் கல்லூரியில் இதற்கென ஒரு பொறுப்பாசிரியர் இருந்தால் அவரிடம் சென்று, நான் படிக்க விரும்பும் பாடம் இது என்று நீங்களே ஒன்றைக் காட்டிக் கேளுங்கள்.

மொழியும் இணைப்பும்

என்பிடெல் விரிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்வழியில் பயின்று வந்தவருக்குப் பாடத்தின் கடினத்தைவிடப் பேச்சின் வேகமே முதல் தடையாக இருக்கிறது. இதற்கு நடைமுறையில் உதவும் வழிகள் உண்டு. விரிவுரையின் எழுத்து வடிவம் தளத்திலேயே கிடைப்பதால், அதை முதலில் படித்துவிட்டுப் பிறகு காணொளியைப் பாருங்கள். காணொளியின் வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்து, வசன வரிகளை இயக்கிக்கொள்ளுங்கள். பாடங்கள் சிலவற்றின் எழுத்து வடிவம் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு அதே தளத்தில் தரப்பட்டிருக்கிறது, எனவே உங்கள் பாடத்துக்கு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்திலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதி, அதன் எதிரில் உங்கள் சொந்தத் தமிழ் வாக்கியத்தில் விளக்கம் எழுதி வாருங்கள், ஏனெனில் தேர்வு வினா ஆங்கிலத்தில்தான் வரும்.

ஆங்கிலத்தில் ஒரு முழு விரிவுரை கேட்பது இப்போது இயலாது என்று நினைப்பவர், மும்பை ஐ.ஐ.டி.யில் உருவான ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்திலிருந்து தொடங்கலாம். லினக்ஸ், லிப்ரே ஆபிஸ், பைதான் போன்ற கட்டற்ற மென்பொருள்களை ஏறத்தாழப் பத்து நிமிடப் பாடங்களாகப் பிரித்துக் கற்பிக்கும் இத்திட்டத்தில் தமிழ்க் குரலில் பல தொடர்கள் இருக்கின்றன. திரையின் ஒரு பாதியில் காணொளியையும் மறு பாதியில் மென்பொருளையும் திறந்து வைத்து, காணொளியில் செய்வதை நாமும் உடனுக்குடன் செய்து பார்க்கும் முறையில் அவை அமைக்கப்பட்டிருப்பதால், ஆசிரியர் இல்லாமல் தனியே அமர்ந்து கற்பவருக்கு அவை நன்கு பொருந்துகின்றன. கணினி இல்லாமல் கைப்பேசி மட்டும் உள்ளவருக்கு இந்த முறை ஒத்துவராது என்பதையும் சொல்லவேண்டும். கைப்பேசியில் விரிவுரை கேட்கலாம், வினாக்களுக்கு விடையும் அனுப்பலாம். நிரல் எழுதிப் பழகுவதற்கு ஊர் நூலகத்திலோ கல்லூரி ஆய்வகத்திலோ வாரம் இரண்டு மணி நேரமாவது ஒரு கணினி கிடைக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இணைப்பு மெதுவாக உள்ள ஊர்களில் காணொளிகளைத் தரவிறக்காமல் இணையத்திலேயே ஓடவிட்டுப் பார்க்க முயல்வது வீண் எரிச்சல். வாரத்தின் விரிவுரைகளைக் குறைந்த தெளிவில் ஒரே நேரத்தில் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பேசும் முகமும் எழுத்துப் பலகையும் மட்டுமே உள்ள காணொளிக்கு அந்தத் தெளிவு போதும். இணையமே எட்டாத வீடுகளுக்காக ஸ்வயம் பிரபா என்ற தொலைக்காட்சி அலைவரிசைகளும் நடத்தப்படுகின்றன. 32 அலைவரிசைகளோடு தொடங்கிய இச்சேவையில் நாள்தோறும் குறைந்தது நான்கு மணி நேரப் புதிய பாடமும், அதன் மறு ஒளிபரப்புகளும் வருவதால், வேலை முடிந்து இரவில் வருபவரும் பார்க்க முடியும்.

தனியே படிக்காதீர்கள்

இணையப் படிப்பைக் கைவிடுவதற்குப் பாடத்தின் கடினத்துக்கு இணையான காரணம் தனிமை. வகுப்பில் பக்கத்தில் இருப்பவர் குறிப்பெடுப்பதைப் பார்த்து நாமும் எழுதுகிறோம். திரைக்கு முன்னால் அந்தத் தூண்டுதல் இல்லை. ஒரே பாடத்தில் சேர்ந்த இருவரையோ மூவரையோ சேர்த்துக்கொண்டு, வாரத்தில் ஒரு மாலை நேரில் கூடி, ஆளுக்கொரு விரிவுரையைத் தமிழில் மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள். சொல்லும்போது நாக்கு எங்கே தடுமாறுகிறதோ அங்கேதான் நமக்குப் புரியவில்லை.

பாடத்துக்கென உள்ள கேள்வி பதில் பகுதியைப் புதியவர்கள் கூச்சத்தால் தவிர்க்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்த பாடத்தில் ஆசிரியர் ஒவ்வொரு கேள்வியையும் பார்ப்பது இயலாது. பயிற்றுநர்களும் சக மாணவர்களும் பதில் சொல்கிறார்கள். எந்த வாரம், எந்த விரிவுரை, எத்தனையாவது நிமிடம், நீங்கள் முயன்றது என்ன, எங்கே நின்றுவிட்டீர்கள் என்பதை எழுதிக் கேட்டால் பதில் வரும். புரியவில்லை என்று மட்டும் எழுதினால் வராது.

பிற தளங்களும் உரிமமும்

முதல் பாடத்தை முடித்த பிறகு வெளிநாட்டுத் தளங்களுக்குச் செல்ல விரும்புவீர்கள். அங்கே எது எவ்வளவு காலத்துக்கு இலவசம் என்பதைச் சேருமுன் பாருங்கள். கோர்செரா என்ற அமெரிக்க வணிகத் தளத்தின் பெரும்பாலான பாடங்களில் மதிப்பெண்ணுக்குரிய பயிற்சிகள் பணம் கட்டியவர்களுக்கே திறக்கும். வசதி இல்லாதவர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் பதில் வரச் சுமார் இரண்டு வாரமாகும். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் ஆளுக்கு மூன்று கோடி டாலர் ஈந்து 2012-ல் லாப நோக்கின்றித் தொடங்கிய எட்எக்ஸ் தளம், 2021-ல் 80 கோடி டாலருக்கு ஒரு வணிக நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அங்கே இலவசமாகச் சேர்ந்தவருக்குப் பல பாடங்கள் குறிப்பிட்ட வாரங்களுக்குப் பின் மூடிக்கொள்கின்றன. இன்றைக்கு இலவசமாக இருப்பது நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று எண்ணிப் பாடத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

எம்.ஐ.டி. 2001-ல் அறிவித்த ஓப்பன்கோர்ஸ்வேர் இதற்கு மாறானது. அதில் சேர்க்கையும் இல்லை, சான்றிதழும் இல்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடங்களின் குறிப்புகளும் கணக்குகளும் விரிவுரைகளும், வணிகத்துக்கு அன்றிப் பிறவற்றுக்கு நகலெடுத்துத் திருத்திப் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடக்கின்றன. என்பிடெல் உள்ளடக்கமும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்தான் வெளியாகிறது; மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிரும்வரை, அதை நீங்கள் மாற்றியமைக்கலாம். கற்பவரைவிட ஆசிரியருக்கே இது பெரிய வாய்ப்பு. ஒரு சிற்றூர்க் கல்லூரியின் இயற்பியல் ஆசிரியர், என்பிடெல் விரிவுரை ஒன்றின் எழுத்து வடிவத்தைத் தரவிறக்கி, தம் மாணவருக்கு ஏற்ற எடுத்துக்காட்டுகளைச் சேர்த்து, தமிழாக்கி, அடுத்த ஊர்க் கல்லூரிக்கும் அனுப்ப யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. வணிகத் தளத்தில் இலவசமாகப் பார்த்த காணொளியை வைத்து அவர் இதைச் செய்ய முடியாது. நம் மொழியில் உயர்கல்விப் பாடங்கள் பெருகுவதற்கு இவ்வளவு நேரடியான சட்டப்பூர்வ வழி வேறில்லை என்று நம்புகிறேன். இதைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் மிகக் குறைவாக இருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

தேர்வு நாளும் அதன் பின்னும்

நுழைவுச்சீட்டு வந்தவுடன் மையத்தின் முகவரியைச் சரிபாருங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்தது ஊரைத்தான் என்பதால், மையம் அந்த ஊரின் எந்த மூலையிலும் இருக்கலாம். அச்சிட்ட நுழைவுச்சீட்டும் அசல் அடையாள அட்டையும் கையில் இருக்கவேண்டும். தயாரிப்புக்கு வாரப் பயிற்சிகளின் விளக்கமான விடைகளே முதன்மையானவை. கெடு முடிந்ததும் அவை வெளியிடப்படுவதால், வாராவாரம் சேர்த்து வைத்து, இறுதி இரண்டு வாரங்களில் விடையை மறைத்து மீண்டும் போட்டுப் பாருங்கள்.

முடிவுகள் வரச் சில வாரங்களாகும். சான்றிதழை இணையத்திலேயே சரிபார்க்க முடியும் என்பதால், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதன் சரிபார்ப்பு இணைப்பையும் சேர்த்துக் கொடுங்கள்; அதோடு, அந்தப் பாடத்தில் கற்றதைக் கொண்டு நீங்கள் செய்த சிறு நிரலோ வடிவமைப்போ கட்டுரையோ ஒன்றையும் இணையுங்கள், ஏனெனில் நேர்காணலில் கேட்கப்படுவது அதைப் பற்றித்தான். கிரெடிட்டுக்காகப் படித்தவர் சான்றிதழின் நகலோடு, முன்கூட்டியே பெற்ற எழுத்துப்பூர்வமான ஒப்புதலையும் இணைத்து, கல்லூரித் தேர்வு அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும்.